கோலிப் பெட்டிக்கு வந்த தடை

அந்த மனமகிழ் மன்றத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. உறுப்பினர்கள், சமையல்காரர், பேப்பர் போடுகிறவர், எல்லோருக்கும் அவர் 'சட்டம்'. "சட்டம் எங்கப்பா? படிப்பறையைத் திறக்கச் சொல்லு" என்பார்கள். அவரும் சாவிக்கொத்தோடு வந்து நிற்பார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அட்டெண்டராகச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. அப்போதைய தலைவரின் மாப்பிள்ளை, காலர் இல்லாத பனியனும் ரப்பர் செருப்புமாக பில்லியர்ட்ஸ் அறைக்குள் நுழையப் பார்த்தார். இவர் வாசலை மறித்துக்கொண்டு, "சட்டத்துல இல்ல சார்" என்றார். மாப்பிள்ளை தாம்தூம் என்று குதித்தார். சத்தம் கேட்டு மாமனாரே வந்துவிட்டார். இவர் விதிப் புத்தகத்தைப் பிரித்து, பதினாலாம் விதியை அவரிடம் நீட்டினார். மாமனார் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் ஷூ மாட்டிக்கிட்டு வாங்க" என்றார். வேலை போய்விடும் என்று ஊரே நினைத்தது. மாதக் கடைசியில் சம்பளம் உயர்ந்தது.

ஆள் கடுகடுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டாட்ட அறை, பில்லியர்ட்ஸ் அறை, படிப்பறை மூன்றும் அவர் பொறுப்பு. பில்லியர்ட்ஸ் மேஜையின் பச்சைத் துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டு நீவுவார். உறுப்பினர்கள் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடிகளுக்கென்று தனி இழுப்பறை வைத்திருந்தார். எந்தக் கண்ணாடி யாருடையது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒரு ஒழுங்கு இருந்தால் மனுஷன் நிம்மதியாக இருக்கலாம், அவ்வளவுதான் அவர் கட்சி.

பிறகு அந்த நோய் வந்தது. நாலு மாதம் மன்றம் பூட்டிக் கிடந்தது. பாதிப் பேரோடு திறக்கலாம் என்று உத்தரவு வந்தபோது, கூடவே இருபத்திரண்டு கட்டுப்பாடுகள் அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது. வேறு யாராவது என்றால் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சட்டம் அதை மனப்பாடம் செய்தார். நாற்காலிகளுக்கு நடுவே ஆறடி இருக்கிறதா என்று பில்லியர்ட்ஸ் கோலால் அளந்தார். ஒன்றேகால் கோல் என்றால் ஆறடி. சீட்டுக்கட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கையெழுத்துப் போட அவரவர் பேனாவை அவரவர் கொண்டுவர வேண்டும். மூக்குக்குக் கீழே மாஸ்க்கை இறக்கிவிட்ட ஒரு வக்கீலை வாசலோடு திருப்பி அனுப்பினார். வக்கீல் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை.

"கிளப்புக்கு வர்றோமா, ஆபரேஷன் தியேட்டருக்கு வர்றோமா?" என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். பலர் வருவதையே நிறுத்தினார்கள். வராதவர்கள், வராத இடத்துக்கு எதற்குச் சந்தா என்று கேட்டார்கள். விசேஷங்களுக்கு வாடகைக்குப் போகும் பெரிய கூடம் ஒரு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. மன்றத்தின் கையிருப்பு தேய்ந்துகொண்டே போயிற்று.

பொதுக்குழுக் கூட்டத்துக்கான அறிவிப்பு ஒரு புதன்கிழமை வந்தது. அதைப் பலகையில் குத்துவதும் சட்டத்தின் வேலைதான். நாலாவது தீர்மானத்தில் கண் நின்றது. மூன்று அறைகளையும் நிரந்தரமாக மூடி, அவற்றைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியாக வாடகைக்கு விடுவது; அவற்றின் பொறுப்பாளரை மூன்று மாதச் சம்பளத்தோடு விடுவிப்பது. அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு நாலு மூலையிலும் ஊசி குத்தி, தாள் கோணாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அவள். பள்ளிக்கூடமே இல்லை என்றால் சீருடை யாருக்கு? வீட்டில் இருந்த ஒரே போனை வைத்துக்கொண்டு மகள் மொட்டை மாடியில் வகுப்பில் இருந்தாள். அவர் சம்பளம் ஒன்றுதான் அந்த வீட்டின் மூச்சு.

"அம்பத்திரண்டு வயசுல யாருங்க வேலை குடுப்பா?" என்றாள். உடனே, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் நடுச்சாமத்தில் விழித்தால் அவளும் விழித்துத்தான் இருந்தாள்.

ஒரே ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. அது கோலிப் பெட்டி. உறுப்பினரையோ ஊழியரையோ நீக்குவதென்றால் ரகசிய வாக்குதான் என்பது மன்றத்தின் ஆதிகாலத்து விதி. ஆளுக்கொரு கண்ணாடிக் கோலி கொடுப்பார்கள். பெட்டியின் வாயில் சட்டைக்கை மாதிரி வெல்வெட் துணி தைத்திருக்கும். அதற்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, சம்மதம் என்றால் வலது அறையிலும், மறுப்பு என்றால் இடது அறையிலும் கோலியைப் போட வேண்டும். கை எந்தப் பக்கம் போயிற்று என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பெட்டியை ஏந்திக்கொண்டு சுற்றி வருவது சட்டம்தான்.

நாலைந்து பெரியவர்கள் வெவ்வேறு சமயத்தில் அவரை ஓரமாக அழைத்து, "பயப்படாதப்பா, பெட்டியில பாத்துக்கறோம்" என்று காதோடு சொல்லியிருந்தார்கள். வெளியே சொல்ல அவர்களுக்குத் தயக்கம். தீர்மானம் தோற்றால் சந்தாவைக் கால் பங்கு உயர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. நாலு பேர் முன்னால் சந்தாவை ஏற்றச் சொல்லி யார் கெட்ட பெயர் வாங்குவது? பெட்டிக்குள் தாராளமாக இருப்பவர்கள் வெளியே படு கஞ்சர்கள் என்பது இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்டது.

ஞாயிறு காலை பெரிய கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒன்றேகால் கோல் இடைவெளியில் நாற்பத்தொரு நாற்காலிகள், நாற்பத்தொரு உறுப்பினர்கள். ஒருவர் பேசியது அடுத்தவருக்குக் கேட்காததால் எல்லோரும் கத்தினார்கள். மாஸ்க் இருந்ததால் கத்தியது யார் என்றும் தெரியவில்லை.

சீட்டாட்டத்தையாவது திறந்தால் வருமானம் வரும், கையுறை மாட்டிக்கொண்டு ஆடலாம் என்றார் ஒருவர்.

"கையுறை போட்டா மட்டும் சீட்டு ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்குப் போகாதா?" என்று கேட்டார் டாக்டரம்மா. குழந்தைகள் மருத்துவர். அதட்டினால் அறுபது வயதுக்காரரும் வாயை மூடிக்கொள்வார்.

செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"அது கிணத்துத் தண்ணி சார்" என்றார் பொருளாளர். "நிறுத்தினா செடிதான் போகும்."

பொருளாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்காத மனிதர். எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் சந்தாவை உயர்த்தச் சொல்லிக் கெஞ்சி, ஒவ்வொரு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றைக்கும் கேட்டுப் பார்த்தார். கூடம் கொதித்தது. கடைசியில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, நாலாவது தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். மரக்கடை முதலாளி எழுந்து, "வழிமொழியறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டம் நின்ற பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

தலைவருக்கு தர்மசங்கடம். "பெட்டியை இன்னைக்கு வேற யாராவது கொண்டு வரட்டுமே" என்றார்.

"விதிப்படி நான்தான் சார் கொண்டு வரணும்" என்றார் சட்டம்.

கொண்டு வந்தார். முதல் நாற்காலியில் மரக்கடை முதலாளி. கோலியை விரலிடுக்கில் பிடித்தபடி வெல்வெட் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள நாப்பது பேரும் கையை விடணுமா?"

"ஆமா சார்."

"மருந்து போட்டுத் துடைச்சியா?"

அந்த ஒரு நொடி சட்டத்துக்கு நீளமாக இருந்தது. துடைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி சுற்றி வந்துவிடும், பெரியவர்கள் காதோடு சொன்னபடி செய்துவிடுவார்கள், வேலை தப்பித்துவிடும். எதிர்ச் சுவரில் அவரே ஒட்டிய தாள் தொங்கியது. அவர் வாசலில் திருப்பி அனுப்பிய வக்கீல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாவி மனுஷனுக்குப் பொய் வரவில்லை.

"வெளியே துடைச்சேன் சார். உள்ளே துணி. அதைத் துடைக்க முடியாது" என்றார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பல பேர் தொடற பொருளைப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஒன்பதாவது கட்டுப்பாடு சொல்லுது."

"நான் கையை விட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க யாரும் விடவும் கூடாது."

நாற்பத்தொரு பேரும் கோலியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். சீட்டு எழுதிப் போடலாமே என்றார் தலைமையாசிரியர். பொருளாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அதற்கு இடமில்லை என்றார். இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று கோலி, முடியாவிட்டால் கை தூக்குவது. தூக்கிய கைகளை எண்ண வேண்டியவர் அட்டெண்டர்.

போயிற்று என்று நினைத்தார் சட்டம். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே! வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, எண்ணுவதற்காக நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

"தீர்மானத்துக்குச் சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் தலைவர்.

பொருளாளர் கை நேராக மேலே போனது. "ஒண்ணு" என்றார் சட்டம். குரல் தெளிவாகத்தான் வந்தது. அடுத்த கைக்காக ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். மாஸ்க் பாதி முகத்தை மறைத்திருந்தது. மிச்சம் இருந்தது கண்கள் மட்டும்தான். அந்தக் கண்களுக்கு ஒளிய இடமில்லை. ஒவ்வொன்றும், மறந்துபோன கண்ணாடியை அவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த கண். அவரைப் பார்த்தன, தரையைப் பார்த்தன, மறுபடி பார்த்தன. பின்வரிசையில் மூன்று கைகள் எழுந்தன. "ரெண்டு. மூணு. நாலு."

மரக்கடை முதலாளியின் கை காது வரை வந்து நின்றது.

"சார்" என்றார் சட்டம், மரியாதையாக. "தலைக்கு மேல நீட்டினாத்தான் கணக்குல சேரும்."

தன் வேலைக்கு உலை வைக்கும் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொல்லும் மனிதனைக் கூடத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. மரக்கடை முதலாளி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் எங்கய்யா தூக்கினேன்? மாஸ்க் கயிறு காதை அறுக்குது" என்று சொல்லி, கயிற்றைச் சரிசெய்துகொண்டு கையை இறக்கினார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது.

"மறுக்கிறவங்க?" என்றார் தலைவர்.

டாக்டரம்மாவின் கை முதலில். பெரியவர்களின் கைகள். மூக்கு வரை மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு வக்கீலின் கை. மரக்கடை முதலாளியின் கை, இந்த முறை தலைக்கு வெகு மேலே. சட்டம் எண்ணத் தொடங்கினார். பதினேழு, பதினெட்டு என்று போனவருக்குக் கண்ணீர் மறைத்தது. மாஸ்க்குக்குள் ஈரம் இறங்கியது. இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக எண்ணிக்கை தவறிவிட்டது.

"முப்பத்திரண்டு" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "நான் எண்ணிட்டேன். நீ போய்த் தண்ணி குடி."

மறுத்த கையோடு, சந்தாவை உயர்த்தும் தீர்மானம் இரண்டே நிமிஷத்தில் நிறைவேறியது. காலையில் அதற்காகக் கொதித்தவர்களே தலையாட்டினார்கள். மனசு இளகியிருக்கும்போது முடித்துவிட வேண்டும் என்று தலைவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு பொருளாளர் சாமான் அறைக்குத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார், ஆறடி தள்ளி.

"எம்மேல கோபமா?"

"இல்ல சார். உங்க கைதான் நேரா இருந்துச்சு. எண்ணச் சுலபமா இருந்தது."

சிரிக்காத மனிதர் சிரித்துவிட்டார். "எட்டு மாசமா தொண்டை வத்தக் கத்தினேன். என்னால முடியல. நீ ஒரு வார்த்தைல முடிச்சிட்டே. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லப்பா, தெரியுமா?" என்றார். போகும்போது அவர் நடையே லேசாகி இருந்தது.

சட்டம் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டே வந்தார். வாசலில் கை கால் கழுவியபோது எல்லாம் மறந்து போயிற்று. மனைவி தட்டை வைத்தாள். அவர் காலையில் இருந்து பட்டினி. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்த மௌனத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவள் பக்கத்தில் நின்றாள், தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"நாளைக்கு... எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?"

"எப்பவும் போல அஞ்சரைக்கு எழுப்பு" என்றார் அவர், வாய் நிறையச் சாப்பாட்டோடு. "எட்டு மணிக்கு ரூமைத் திறக்கணும்ல."

அவள் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "அதை வந்த உடனே சொல்றதுக்கென்ன, மனுஷா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே எழுந்து வந்து, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.