புதுச்சேரியில் வாங்காமல் விட்ட பூத்தட்டு

“யாருமே வேணாம்னு சொல்லலியேம்மா, நீ ஏன் சொன்ன?”

புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் என் ஒன்பது வயது மகள் ஜெனி கேட்டாள். அதைத்தான் உங்களிடம் கேட்க எழுதுகிறேன்.

ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை ஏழரைக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினோம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். வாந்தி வருமோ, வெயில் தாங்குவாளோ என்று கவலைப்பட்டு அவள் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்திருந்தேன். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஃபைலும் ஃபிளாஸ்க்குமாக இறங்க, வண்டி பாதி காலியானது.

“எந்த ஊரும்மா?” என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

“திண்டிவனங்க.”

“இல்லம்மா, அங்கேர்ந்து இன்னொரு பஸ் போவணுமே!” என்று ஜெனி திருத்தினாள். ஊர்ப்பெயரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியம்மா மகள் ரோஸ்லின் அக்கா கருவடிக்குப்பத்தில் இருக்கிறாள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசியிருக்கலாமோ என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பிள்ளைகள் பூத்தூவி முன்னே நடக்கும் நற்கருணைப் பவனி பார்க்க நகரத்துக் கோயில் ஒன்றுக்கு அக்கா அழைத்துப் போனாள். நேர்கோடாய் ஓடும் தெருக்கள். மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று யார் யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பலகைகளில் தமிழோடு பிரெஞ்சும் இருந்தது. “ரூன்னா தெரு” என்று அக்கா சொன்னதுதான் தாமதம், ஜெனி ஒவ்வொரு முனையிலும் நின்று “ரூ, ரூ” என்று படித்தாள். இந்த ஊரில் தெருவைக் கேட்பது வழி சொல்வதற்கு மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

கோயிலுக்குள் நுழைந்ததும் என் கால் தானாக இடப்பக்கக் கடைசிக்குப் போயிற்று.

“எங்கடி போற? ஃபேன் இங்க இருக்கு, வா.” அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

எங்கள் ஊர்க் கோயிலில் பக்கவாட்டில் நீளும் இடது சிறகுதான் எங்களுக்கு. நாங்கள் காலனித் தெருத் தலித் கிறிஸ்தவர்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை, அப்படித்தான் உட்காருகிறோம். பவனியில் பூத்தட்டு ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு மட்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் தட்டு வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தெருப் பெண்களைக் கூட்டி, பங்குத்தந்தையிடம் பேசிவருகிறோம். டீச்சர் என்பதால் பேசுவது நான். ஜெனி அந்தக் கூட்டங்களில் என் மடியில் தூங்கியவள்.

பூசை முடிந்தது. தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை நோக்கி வந்தார். ஜெனி, முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை கவுனில் இருந்தாள்.

“பாப்பா, ஒரு பொண்ணு வரல. நீ பூ தூவ வர்றியா?”

ஜெனி இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். தட்டு நிறைய ரோஜா இதழ்.

“வேணாங்க,” என்றேன். “அவளுக்குக் காய்ச்சல்.”

அந்த அம்மா அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். “சில்லுனுதானே இருக்கு?”

“இப்பதான் மாத்திரை குடுத்தேன்.”

தட்டு வேறொரு சிறுமிக்குப் போனது. பவனியில் நாங்கள் கடைசியில் நடந்தோம். மற்றவர்கள் தூவிய இதழ்களை மிதிக்காமல் ஜெனி ஓரமாகவே நடந்தாள்.

“காய்ச்சலா? மத்தியானம் மீன் கொழம்ப ரெண்டு தடவ ஊத்தித் தின்னவளுக்கா?” என்றாள் அக்கா.

“தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்து நாம எந்தத் தெருன்னு சொல்லிட்டா, அப்புறம் அந்த அம்மாவுக்குத்தான்க்கா சங்கடம்...”

“யாருடி பாக்கப் போறா? இங்க தடுக்க ஆள் இல்லன்னு அந்த வேலையையும் நீயே பாத்துட்டியா?”

மறுநாள் கிளம்பும்போது அக்கா ஜெனி கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்து, “காய்ச்சல்காரி, பத்திரமா போ” என்று சிரித்தாள். ஜெனி சிரிக்கவில்லை. திண்டிவனம் நெருங்கும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

போன வாரம் பங்குத்தந்தை சம்மதித்துவிட்டார். செப்டம்பர் மாதா திருவிழாவில் எங்கள் தெருப் பிள்ளைகளும் தட்டு ஏந்தலாம். வீட்டுக்கு ஓடிவந்து ஜெனியிடம்தான் முதலில் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வரும்மா.”

புதுச்சேரியில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. ஊரில் அடுத்தவர்களோடு வாதாடத் தெரிந்த எனக்கு, அங்கே என்னோடு வாதாடத் தெரியவில்லை. காரணத்தைச் சொன்னால், என் அம்மா ஒரு வார்த்தை பேசாமலே எனக்குள் வைத்த, தானாக ஒதுங்கும் பழக்கத்தை நான் வாய்விட்டே இவளுக்குள் வைத்துவிடுவேனோ? சொல்லாவிட்டால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துவிடுவாளோ?

பிள்ளைகளிடம் இதைப் பேசியவர்கள் உங்களில் இருப்பீர்கள். எந்த வயதில் பேசினீர்கள், முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். தட்டு ஏந்தப்போகும் பிள்ளைகளின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். ஜெனி பெயரை நான் இன்னும் கொடுக்கவில்லை.