கல்யாணி கலயாணி ஆன கதை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யிருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி இப்போதே விரிசல் விடட்டும். லேசர் மிஷின் ரிப்பேரில் மிஷின் தொல்லை கால்வாசி. மீதி, வாங்கியவர் தொல்லை. ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

மூன்றாவது குடம்

நீடாமங்கலத்தில் ஒரு பாத்திரக்கடை. முதலாளி வைத்தி, பேர் வெட்ட லேசர் மிஷின் வாங்கியிருந்தார். அன்று கல்யாணி என்ற பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம். நாலு மணிக்கு வேன் குத்தாலம் கிளம்ப வேண்டும். முதல் இரண்டு குடத்தில் எழுத்து முத்து முத்தாக விழுந்தது. மூன்றாவதிலிருந்து கோடு மங்கித் தடித்தது. 'ல்' மேல் புள்ளி விழவேயில்லை. ரிப்பேருக்கு நான் போய் நின்றதும் பெண்ணின் தாய்மாமா ஓர் அண்டாவைத் தூக்கிக் காட்டினார்.

"எங்க பொண்ணு கல்யாணிங்க. இவரு கலயத்தையும் ஆணியையும் சேர்த்துக் கலயாணின்னு அடிச்சு வச்சிருக்காரு!"

தொட்டி வைத்தியம்

மிஷினுக்குள் விரல் நீளத்தில் ஒரு படிகக் கம்பி உண்டு. லேசர் அதில்தான் பிறக்கிறது. ஓட ஓட நடுவில் சூடேறும். சுற்றி ஓடும் தண்ணீரால் ஓரம் குளிர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தில் கம்பியே ஒரு பூதக்கண்ணாடியாகி, வெளிச்சம் குவிகிற இடத்தை மாற்றிவிடும். வைத்திக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். பலமாகத் தலையாட்டினார். கூலிங் தொட்டியைத் திறந்தால் மூன்று எலுமிச்சம்பழம் மிதக்கிறது. ஒன்று முளையே விட்டிருந்தது.

"எதிர்க்கடைக்காரன் கண்ணு அண்ணே. சூட்டுக்கும் இதுதான் கேக்கும்."

ஜில்லென்று பார்த்த மேதை

தொட்டியைக் கழுவி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியும் புள்ளி திரும்பவில்லை. விசாரித்தால், கம்பெனி இன்ஜினீயர் காலையில் வந்து, மிஷின் ஜில்லென்று இருக்கும்போதே ஃபோகஸ் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். ஆள் நிற்கும்போது அளவெடுத்து, ஓடும்போது சட்டை போட்டுவிடுகிற ஜாதி! இரண்டு அடித்து, ஆற வைத்து, மறுபடி இரண்டு அடிக்கலாம் என்றார் வைத்தி. அப்படிச் செய்தால் வேன் மறுநாள்தான் போகும்.

லேசர் வெளியே வராமல் மூடிவிட்டு மிஷினை முழு வேகத்தில் ஓடவிட்டேன். சூடு ஒரு நிலைக்கு வரட்டும், அந்தச் சூட்டிலேயே ஃபோகஸ் வைப்போம் என்று கணக்கு. வைத்தி குதித்தார்: "பாத்திரமே வைக்காம ஓடுதே, கரண்டு என்ன ஆத்துலயா வருது?"

தாய்மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆத்துலயே தண்ணி எப்பவாச்சும்தாங்க வருது!"

நாலு மணி

சூடு நிலைத்ததும் ஃபோகஸ் வைத்தேன். கெட்ட எழுத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி அடித்தோம். கடைசித் தாம்பாளம் வரை புள்ளி கடுகு மாதிரி உட்கார்ந்தது. தாய்மாமா ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து வேனில் ஏற்றினார். நாலு அடிக்க வண்டி நகர்ந்தது. வைத்தி என்னை ஓரமாக இழுத்தார்.

"சூட்டுலதான் நல்லா அடிக்குதே அண்ணே! அப்புறம் கூலிங் தொட்டி எதுக்கு, கழட்டி வித்துடவா?"

படிகத்தில் ஏறும் சூட்டையாவது சமாளித்துவிடலாம், முதலாளி மண்டைக்குள் தண்ணீர் விட இன்னும் குழாய் வரவில்லை. இதையெல்லாம் சொன்னது நான்தான் என்று நீடாமங்கலம் பக்கம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.