சேப்பாக்கத்துக் கையும் டெக்சஸ் கார்னர்பேக்கும்

கம்ப்யூட்டர் கன்சல்டன்ட் என்பவன் வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரி, சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் டெக்சஸின் பிளானோவில் குப்பை கொட்டிய சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை தெரிந்தால் மட்டும் போதாது, திங்கட்கிழமை காலையில் அமெரிக்க ஃபுட்பாலும் பேசத் தெரிய வேண்டும்.

கைதட்டியது தப்பா?

மேனேஜர் கேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எதிர் டீமின் தடுப்பாட்டக்காரன், லைன்பேக்கர் ஒருவன், ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து, பந்தை எறியப் போன உள்ளூர் குவாட்டர்பேக்கை அப்படியே சாய்த்தான். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? அங்கே எதிராளி நன்றாக ஆடினாலும் தட்டுவோம். எழுந்து நின்று தட்டினேன். சிப்ஸ் கிண்ணத்தைக்கூட என்னிடமிருந்து நகர்த்திவிட்டார்கள்.

கேரி கேட்டார்: "உனக்கு எங்க ஊர் மேல என்னப்பா கோபம்?"

ஒற்றை ஓட்டு

அடுத்த வாரம் ஆபீஸ் லஞ்சில் பட்டிமன்றம்: ஆட்டத்தையே மாற்றிய தடுப்பாட்டக்காரர் யார்? போர்டில் விழுந்த ஓட்டெல்லாம் ஓரத்திலிருந்து பாயும் லைன்பேக்கருக்கு. அவனுக்குப் பயந்துதான் குவாட்டர்பேக்குக்குக் காவல் நிற்பவனையே பார்த்துப் பார்த்து எடுக்கிறார்களாம். நியாயம்தான். நான் மட்டும் ஒரு கார்னர்பேக்குக்குப் போட்டேன். பந்து பிடிக்க ஓடுபவனை அவன் விடாமல் ஒட்டிக்கொள்வதால், அந்தப் பக்கம் யாரும் பந்தே எறிய மாட்டார்கள்.

அதே ஆபீஸில் வேலை செய்த ரூம்மேட் செந்தில், கோயமுத்தூர்க்காரன், காதைக் கடித்தான்: "ஏனுங்ணா, கான்ட்ராக்ட் முடியற வாரத்துல உங்களுக்கு இது தேவையா?"

வராத போன்

வெள்ளிக்கிழமை கேரி தன் அறைக்குக் கூப்பிட்டார். கான்ட்ராக்டை நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா? என் விசாவே அதில்தான் தொங்கியது. "ஆறு மாசமா நீ எழுதின ப்ரோக்ராம் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட் போன்கூட வரலை. அப்புறம் உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். வாய் முந்திக்கொண்டது: "பந்தே வரலைன்னு கார்னர்பேக்கை யாராவது வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

கேரி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரையே தூக்கிச் சுற்றியிருப்பேன்.

பேப்பரை நீட்டியபடி சொன்னார்: "சரி, இன்னும் ஒரு வருஷம் அந்தப் பக்கம் நீயே நில்லு."

அந்த வேலையை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது நான் படித்த படிப்புதான் என்று பின்னால் வாய்த்த மாமனார் இன்றுவரை நம்புகிறார், நானும் திருத்தவில்லை.