எட்டாவது பெயர்

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது அலுப்பு வருகிறது. பிரதேச செயலகத்தில் வேலை. வீட்டுத்திட்டம், மலசலகூடம், கோழிக்குஞ்சு என்று எதற்கெடுத்தாலும் ஒரு பட்டியல் எழுத வேண்டும். பெயர் வராதவர்கள் அடுத்த நாள் காலையிலேயே வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள்.

நான் முதன்முதலில் பட்டியல் எழுதியது சித்தப்பாவுக்காக. விசுவமடுவில் அவர் பால் நிலையத்தில் பால் அளந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒரு நாளும் பந்தைத் தொட்டவரில்லை, ஆனால் கூடைப்பந்து என்றால் பைத்தியம். பள்ளிக்கூடப் பெட்டைகளின் ஆட்டம் எங்கே நடந்தாலும் போய்விடுவார். பக்கத்தில் என்றால் சைக்கிள், ஆனையிறவு தாண்டி என்றால் பஸ்.

மாகாணப் போட்டிக்கு எட்டு அணிகளைக் கூப்பிடுவார்கள். ஆறு அணிகள் கல்வி வலயங்களில் வென்று வருபவை, அதில் கதைக்க ஒன்றுமில்லை. மிச்ச இரண்டு இடத்துக்கும் தோற்றவர்களுக்குள் யார் நல்லவர்கள் என்று ஒரு குழு இருந்து தெரிவுசெய்யும். பிறகு எட்டையும் தரப்படி வரிசைப்படுத்தி, முதலாவதை எட்டாவதோடும் இரண்டாவதை ஏழாவதோடும் மோத விடுவார்கள். குழு என்ன முடிவெடுக்கும் என்பதைச் சித்தப்பா ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். எந்தப் பாடசாலையின் உயரமான பிள்ளை சோதனை எழுதி விலகிவிட்டாள், எந்த மாஸ்டருக்கு இடமாற்றம் வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். மூன்று வருடங்களாக ஒரு பெயர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் பட்டியல் பால் நிலையத்துச் சுவரில் ஏறிய நாளில், பால் கொண்டுவருகிறவர்கள் கானைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைத்தான் வாசிப்பார்கள். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவும் அந்தக் கடதாசியில்தான் இருந்தது.

சித்தப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதனால் அவர் சொல்லச்சொல்ல, பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எட்டுப் பெயர்களையும் எழுதுவது என் வேலை. அப்போது எனக்குப் பத்து வயது, கையெழுத்து நல்லது என்ற திமிரும் இருந்தது. ஆனால் கீழே சோடி போடுவதை மட்டும் அவர் விட்டுத்தரமாட்டார். யாரோடு யார் என்பதைச் சுவரில் ஒட்டிய பிறகு சிவப்புப் பேனையால், இடது கையால், தானே எழுதுவார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்து நிற்கும்.

அந்த வருடம் அக்காவின் அணி வலய இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கூடையால் தோற்றது. அக்காதான் தலைவி. உயர்தரத்தில் அவளுக்கு அது கடைசி வருடம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

“இனிப் பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். நான் கார்மென்ட்ஸுக்குப் போறன்” என்றாள்.

அப்பா, “அதுவும் நல்லதுதான்” என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அக்கா இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா பட்டியல் சொன்னார். எட்டாவதாகக் கடற்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றைச் சொன்னார்.

“அக்காவின்ர பள்ளிக்கூடம்?” என்று கேட்டேன்.

“அது ஒன்பதாவது, பிள்ளை. ஒரு மயிரிழைதான். ஆனா வராது.”

சொல்லிவிட்டுக் கை கழுவ எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் எட்டாவது இடத்தில் அக்காவின் பாடசாலையை எழுதினேன். அவர் வந்ததும் தாளை நாலாக மடித்துக் கொடுத்தேன். விரித்துப் பார்க்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பால் கொண்டுபோனபோது பட்டியல் சுவரில் இருந்தது. எட்டாவது பெயர் அப்படியே இருந்தது. கீழே சிவப்பு மையில் சோடிகளும் இருந்தன. பிடிபடவில்லை என்ற சந்தோசத்தில் நான் வீடுவரை ஓடிவந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. சித்தப்பா போட்டால் போட்டதுதான் என்று ஊரே சொன்னது. அக்கா மூலையில் கிடந்த சப்பாத்தை எடுத்துக் கழுவிக் காயவைத்தாள். அப்பா அவளை விடிய எழுப்பிப் பயிற்சிக்குச் சைக்கிளில் ஏற்றிப்போனார். பால் நிலையத்தில் நின்றவர்கள், “யாழ்ப்பாணத்துப் பெட்டையளுக்குக் காட்டிப்போட்டு வா, பிள்ளை” என்று பகிடி விட்டார்கள். சோதனை விண்ணப்பத்திலும் அக்கா கையெழுத்து வைத்தாள். இரவில் நித்திரையிலும் யாருக்கோ பந்து எறிந்துகொண்டிருந்தாள்.

பிறகு பாடசாலைக்குக் கடிதம் வந்தது. எட்டாவது, கடற்கரைப் பக்கத்துப் பாடசாலை.

அக்கா அழுதாள், ஆனால் சோதனையை எழுதினாள். எழுதிவிட்டுக் கார்மென்ட்ஸுக்குத்தான் போனாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், நின்றுநின்று முழங்கால் நோவு.

கடிதம் வந்த அடுத்த நாள் நான் பால் நிலையத்தில் சித்தப்பாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். “அண்ணன்ர மகள் எண்டவுடன கண் மறைச்சுப்போட்டுது போல” என்றார் ஒருவர். சித்தப்பா பாலை அளந்தபடியே, “ஓம், பிழை என்ர தான்” என்றார். அடுத்த வருடம் அவர் பட்டியல் போடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் போடவில்லை. ஆட்டம் பார்க்கப் போவதும் குறைந்துவிட்டது. வயதாகிறது, அலுத்துப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், தப்பினேன் என்றும் நினைத்தேன்.

போன மாதம் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கிணறு கட்டும் உதவிக்கு விண்ணப்பம். நான் நிரப்பிக் கொடுத்தேன், அவர் இடது கையால் கையெழுத்து வைத்து, கீழே பெயரையும் எழுதினார். சரிந்த எழுத்துகள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய பட்டியல் கண்முன் வந்தது. சுவரில் சிவப்பு மையில் முதலாவது சோடி, யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிக்கு எதிராக அக்காவின் பாடசாலை. அந்தப் பெயரை இந்தக் கைதான் எழுத்தெழுத்தாக எழுதியிருந்தது. இத்தனை வருடமும் எனக்கு இது உறைக்கவில்லை.

“சித்தப்பா, அண்டைக்குச் சோடி எழுதேக்க நீங்கள் பாத்தனீங்கள்தானே?”

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. பேனையை மூடினார்.

“பாக்காமல் எழுதுவனே?”

“பிறகேன் விட்டனீங்கள்?”

“ஒரு மாசமெண்டாலும் அவள் ஓடட்டும் எண்டு விட்டனான்.”

எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.

“இதில என்ர பேர் வருமோ, பிள்ளை?”

சித்தப்பாவைப்போல வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தவர்களுக்குக் கிணறு கிடையாது என்ற சுற்றறிக்கை என் மேசையிலேயே கிடந்தது.

“வரும், சித்தப்பா” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஓம், அப்ப சரி” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.