பாறை மேல் ரெண்டு புள்ளி டவர்

போனின் முதுகு தோசைக்கல் மாதிரி சுடும். துப்பட்டா நுனியை நாலாக மடித்து அதற்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டகையின் தளத்தில் நானும், பக்கத்து வீட்டு சங்கீதாவும், அவள் தங்கை பவித்ராவும் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ஏறி உட்கார்ந்துவிடுவோம். ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த வருஷம் அது, நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்குள் ‘டவர்’ ஒரு புள்ளிகூட நிற்காது, கொட்டகை மேல் மூன்று புள்ளி நிற்கும். “எந்நேரமும் அந்த போனுக்குள்ள பூந்துகினு இன்னாடி பண்றீங்க, எறங்கி வந்து ஆட்டப் புடிச்சி கட்டுங்கடி” என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள். யார் காதில் விழுந்தது!

நாலு பேர் ஓர் அணியாக விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை சாகாமல் நிற்கிற துப்பாக்கி விளையாட்டு அது. எங்கள் நாலாவது ஆள் பூங்கொடி. விடுதியில் தங்கி எங்கள் பள்ளியில் படித்தவள், பள்ளி மூடியதும் கல்வராயன் மலையிலிருந்த தன் ஊருக்குப் போய்விட்டாள். அங்கே மரவள்ளிக் கொல்லையை ஒட்டிய ஒரு பாறைமேல் ஏறி நின்றால் ‘ரெண்டு புள்ளி’ கிடைக்குமாம். குறி பார்த்துச் சுடுவதில் எங்கள் மூவரையும் சேர்த்தாலும் அவளுக்கு ஈடாகாது. ஆனால் பாதி ஆட்டத்தில் சர்வரிலிருந்து அறுந்துபோவாள். அவள் திரையில் ‘ரீகனெக்டிங்’ என்ற எழுத்து சுற்றிக்கொண்டிருக்க, எங்கள் திரையில் அவள் உருவம் நட்டு வைத்த கம்பமாக அசையாமல் நிற்கும், எவனாவது வந்து நிதானமாகச் சுட்டுவிட்டுப் போவான்.

இதற்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் நான்தான். என் மடியில் அப்பாவின் பட்டன் போன் தயாராக இருக்கும். அவள் அறுந்த உடனே அழைத்து, ‘ஏரோப்ளேன் மோடு’ போட்டு எடு, சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடு, கிழக்குப் பக்கம் திரும்பி நில்லு என்று வரிசையாக உத்தரவு போடுவேன். சில ஆட்டத்தில் ஆறு ஏழு தடவைகூட அழைத்திருக்கிறேன். அப்படி இருந்தும் அவள் உள்ளே வந்ததே இல்லை, எனக்கும் என் வைத்தியத்தின்மேல் இருந்த நம்பிக்கை குறைந்ததே இல்லை.

ஒருநாள் பூங்கொடி வெடித்துவிட்டாள். “நீ போன் பண்றதாலதாண்டி வர மாட்டேங்குது! நான் உள்ள வரச்சொல்லப் பாத்து ரிங் அடிக்கிற, நெட்டு நின்னு பூடுது. கம்முனு இருந்தா அதுவா வந்துடும்டி!” அவள் கையிலிருந்தது அவள் அண்ணனின் பழைய போன், அழைப்பு வந்தால் அதில் நெட் நின்றுவிடும். தானாக வருகிற இணைப்பை இத்தனை நாளும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ அடுத்த மூச்சிலேயே, “நாளைக்கு அண்ணன் திருப்பூருக்குப் போவுது, போனும் அதுகூடப் போவுது. இன்னைக்கு ஒரு தரமாச்சும் ஜெயிக்கணும்டி” என்றாள். நாலு பேராக நாங்கள் அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை.

ஆட்டம் தொடங்குமுன் சங்கீதா பட்டன் போனைப் பிடுங்கித் தனக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் பத்துப் பேர் மிச்சம் என்கிறபோது, எதிர்பார்த்தபடியே பூங்கொடி நின்றுபோனாள். வட்டம் சுருங்க ஆரம்பித்தது. ஓடினால் நாங்கள் மூவரும் தப்பிக்கலாம், ஆனால் அவள் இல்லாமல் அந்த வெற்றி எதற்கு? கம்பமாக நின்றவளைச் சுற்றி மூன்று பக்கமும் மூன்று பேர் நின்றோம். என் விரல்கள் அந்தப் பட்டன் போனுக்குத் துடித்த துடிப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “வேணாம்டி, அதுவா வரும், அதுவா வரும்” என்று பவித்ரா மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் அவள்தான் செத்தாள், பிறகு சங்கீதா, பிறகு நான்.

நான் விழுந்ததும் பூங்கொடியின் உருவம் தலையைத் திருப்பியது! கொட்டகை அதிர நாங்கள் போட்ட கூச்சலில், பன்றி புகுந்துவிட்டதென்று அப்பா தடியோடு கரும்புக்குள் ஓடினார். அவள் வட்டத்துக்குள் உருண்டாள், ஒரு மரத்துக்குப் பின்னால் ஒருவனைச் சுட்டாள், புல்லில் படுத்திருந்த இருவரைச் சுட்டாள், மற்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு செத்தார்கள். கடைசியில் ஒரே ஒருவன். அவள் சுட்டாள்.

“ஜெயிச்சிட்டோம்டி!” என்று சங்கீதா துள்ளி எழுந்த அந்த நொடியில் அடியிலிருந்த பட்டன் போன் உருண்டு வந்தது. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை, எடுத்து அவளுக்கு அடித்தேன்.

“சுட்டேன்டி, அப்டியே நின்னுடுச்சி. இன்னா ஆச்சி, செத்துட்டனா?” என்றாள் பூங்கொடி.

அவளுடைய ரெண்டு புள்ளியில் வெற்றித்திரை போய்ச் சேருவதற்குள் என் அழைப்பு போய் நெட்டை நிறுத்திவிட்டது. நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கத்திக் குதித்துவிட்டு, பாறையிலிருந்து இறங்கிப்போய் அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு போன் வருவதற்குள் அரசாங்கம் தடைபோட்டு அந்த விளையாட்டே இல்லாமல் போயிற்று. இப்போது அவள் ஊரிலேயே டவர் நிற்கிறது, பேசினாலும் நெட் நிற்பதில்லை. ஆனால் எத்தனை புள்ளி காட்டினாலும் திரும்ப இணைய அந்த சர்வர்தான் இல்லை. எங்கள் கொட்டகைத் தளத்துக்கும் யாரும் ஏறுவதில்லை.

போன மாதம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். டீ குடிக்கும்போது வழக்கம்போல அதே பேச்சை எடுத்தாள். “கடைசியில ஜெயிச்சதும் ஸ்கிரீன்ல வந்துச்சே, அது எப்டிடி இருந்துச்சி? எம்பேரு மேல இருந்துச்சா?”

“மேலதாண்டி. பெருசா, தங்க எழுத்துல” என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. அந்த நொடியில் நான் திரையைப் பார்க்கவேயில்லை, குனிந்து அவள் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.