வீட்டுக்காரம்மாவுக்கு ஒத்திகை

அப்பா எனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதும்போது இன்றைக்கும் கை தயங்குகிறது. அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. ஒரு முறை பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய வாரப் பத்திரிகையைத் தொலைத்துவிட்டு, "குடுத்துட்டேன்" என்று சாதித்தேன். அந்த ஒரு பொய்க்காக அப்பா என்னை அக்கா வீட்டு கேட்டில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினோரு வயது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரமோஷனோடு மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். மாடி பஸ், கடற்கரை என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

வீடு தேடுவது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டவுன்ஷிப்பில் வீடு தேட மாட்டார்கள், கொடுப்பார்கள். கிரேடு பார்த்துக் குவார்ட்டர்ஸ். எங்களுக்கு ஒரு பக்கம் மலையாளக் குடும்பம். மறுபக்கம் பத்திரிகை அக்கா. அவர் கணவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், சுரங்கத்தில் வேலை. எந்த பிளாக், எந்த ஷிப்டு என்பதைத் தவிர யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை.

அப்பா ஆஃப் நாள்களில் மூன்று முறை மெட்ராஸ் போய் வந்தார். மூன்றாம் முறை வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாடகையெல்லாம் அப்புறந்தான் பேசுறாங்க. மொதல்ல என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்க. சொன்னதும், நேத்தே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சுங்கறாங்க. 'டு லெட்' போர்டு அப்படியே தொங்குது."

"எத்தன வீடு பாத்தீங்க?" என்றாள் அம்மா.

"பதினாலு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடு கொடுக்க இதை எதற்குக் கேட்கிறார்கள்? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நாங்கள் என்ன ஆளுங்க என்பது எனக்கே தெரியாது.

மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷன் மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டுக்காரம்மா அன்று ஊரில் இல்லாததால் கேள்வியும் இல்லை. வீட்டைக் காட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் ஒத்திகை நடந்தது. அப்பாதான் வீட்டுக்காரம்மா. முதலில் ஆறு வயதுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"மீன் கொழம்பு."

"சாம்பார்னு சொல்லணும்."

தம்பி கையை மோந்து பார்த்தான். "மீன் கொழம்புதாம்ப்பா."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பதினைந்தாவது வீடும் போய்விட்டால் என்ன செய்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு சாதிப் பெயரைச் சொன்னார். ஒருவேளை என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டுமாம். நாலு முறை சொல்ல வைத்தார்.

"அப்ப நாம நெசமா யாருப்பா?" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். எங்கள் சாதி எது என்று தெரிவதற்கு முன்பே எங்களுடையது அல்லாத ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டேன்.

மாம்பலத்து வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். குழாய் எங்கே, துணி எங்கே காயப்போடுவது என்றெல்லாம் காட்டினார். தம்பியின் கையில் பிஸ்கட் கொடுத்தார். பிறகு சாவதானமாக அப்பாவிடம் திரும்பினார்.

"நீங்க என்ன ஆளுங்க?"

அப்பா வாயைத் திறந்தார். காது இரண்டும் சிவந்துபோயின. என்னை நாலு முறை சொல்ல வைத்தவருக்கு ஒரு முறை சொல்ல முடியவில்லை. அம்மா தரையைப் பார்த்தாள். பதினைந்தாவது வீடும் போயிற்று என்று நினைத்தேன்.

நான் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். ஒத்திகையில் இல்லாததையும் சேர்த்து, "நாங்க முட்டகூடத் தொட மாட்டோங்க" என்றேன்.

வீட்டுக்காரம்மா என் கன்னத்தைத் தட்டினார். "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். வீடு கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். திண்டிவனம் வந்தது, பண்ருட்டி வந்தது, அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பத்திரிகையைத் தொலைத்தபோது பேசாமல் இருந்த அதே முகம். சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் சாமான் கட்ட ஆரம்பித்தோம். அம்மா மீன் சட்டியைக் கழுவித் துடைத்து, வேலிக்கு மேலே பத்திரிகை அக்காவிடம் நீட்டினாள்.

"என்னாத்துக்குக்கா? நல்லாப் பழகுன சட்டியாச்சே!" என்றார் அக்கா. "மெட்ராஸ்ல மீனே கெடைக்காதா? கடலே அங்கதான கெடக்குது!"

"அங்க மீன் நல்லா இருக்காதாம்" என்றாள் அம்மா.

அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். இப்போது எழுந்திருப்பார், அம்மாவையும் அந்த கேட்டுக்கு அனுப்பி உண்மையைச் சொல்லச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.