கொக்கியை விட்டுப் பூட்டை எடுத்தவன்

மூன்றாவது முறையும் இழுத்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. அப்புறம்தான், "கடவுளே, நானும் பாத்துக்கறேன், நீயும் ஒரு கண் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் பின்னாலிருந்து எழுந்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து குனிந்து, பூட்டின் முகத்தை உட்பக்கமாகத் திருப்பி வைத்தார். போகிறவன் வருகிறவன் கண்ணில் பூட்டு படக் கூடாது. பட்டால், இங்கே என்னவோ இருக்கிறது என்று தோன்றிவிடுமாம்.

இருப்பது ஒரு கொக்கி. ட்ரெய்லரை மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி. முழ நீளம், கைக்குழந்தையின் கனம். பதினெட்டு வருஷமாக அவரோடு இருக்கிறது. பழைய லாரி போய் இந்த லாரி வந்தபோதும் அது மட்டும் கழன்று கூடவே வந்துவிட்டது. பகலில் அதற்குப் பூட்டு. சாயங்காலம் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைப்பார். சங்கிலி குளியலறை வாளியில். கொக்கியைப் பிடித்து நிறுத்தும் பின் பருப்பு டப்பாவில். ஒரு நாள் அவர் மனைவி பருப்பு அளக்கப் போய் அதை வெளியே எடுத்துக் காட்டினாள். "என்னங்க, இதுக்கு எத்தனை விசில் விடணும்?"

லாரி ஷெட்டில் அவருக்குப் 'பூட்டு அண்ணன்' என்று பெயர். நல்ல மனுஷர். யார் வண்டி நடுவழியில் நின்றாலும் முதலில் போய் நிற்பார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் மனசு புளிக்கும். அது சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் சகலை. ஐந்து வயசு இளையவர். இரண்டு பேர் லாரியும் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். சகலையின் லாரி புதுசு. கொக்கி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும். ஆனால் பூட்டை அழுத்த மறந்து சும்மா தொங்கவிட்டுப் போவார். மாமியார் வீட்டில் சகலைக்கு டீ வந்தால் பாலாடை நீக்கி வரும். இவருக்கு ஆடையோடு வரும். இதையெல்லாம் இவர் யாரிடமும் சொன்னதில்லை. விடியற்காலையில் வேண்டிக்கொள்ளும்போது குடும்பத்தார் எல்லார் பெயரையும் சொல்லுவார். சகலை பெயரும் வரும். கடைசியில், கொஞ்சம் வேகமாக வரும்.

அன்றைக்கு மத்தியானம் ஷெட்டில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் திருடன் வந்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் சகலையின் கொக்கி இல்லை. சங்கிலி இல்லை. இழுவைக் கயிறு, ஜாக்கி, பின்விளக்கு ஒயர் வரைக்கும் போய்விட்டது. சகலை தலையில் கை வைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இவர் ஓடிப்போய்த் தன் லாரிக்குப் பின்னால் குனிந்தார். கொக்கி இருந்தது. பின் இருந்தது. பூட்டைத்தான் காணோம். வெளியூரிலிருந்து சொல்லி வரவழைத்த பித்தளைப் பூட்டு. அறுக்காமல் உடைக்காமல் நோகாமல் திறந்து எடுத்துக்கொண்டு, கொக்கியை அப்படியே விட்டுப் போயிருந்தான்.

போலீஸ்காரர் வந்தார். சகலை சொல்லச் சொல்ல எழுதினார். பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போயிற்று. பூட்டு அண்ணன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுது என்ன போச்சு?"

"பூட்டுங்க."

"பூட்டி என்ன வச்சிருந்தீங்க?"

"கொக்கி."

"அது எங்க?"

"அது... இருக்குங்க."

போலீஸ்காரர் ஒரு வரி எழுதி, நோட்டை மூடினார்.

ஷெட்டை ஒட்டிய டயர் கடைக்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "எடுத்துப் பாத்திருக்கான் அண்ணே. தூக்கிப் பாத்திருக்கான். வேணாம்னு வச்சிட்டான். பொறுப்பான ஆளு, மண்ணுல கூட போடல பாருங்க."

ஷெட்டே சிரித்தது. சகலைகூட அந்த வருத்தத்திலும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இவருக்கு உள்ளே போய்த் தைத்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி தூக்குவாளியில் சாப்பாடு அடைத்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுல அடுப்பே பத்த வைக்கலையாம். அவரு முகத்தப் பாக்கவே பாவமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் போச்சு."

"பூட்டுதானே போச்சு" என்றாள்.

அவர் கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். எண்ணெய்த் துணியால் துடைத்தார். ஒரு பக்கம் சின்னத் தழும்பு, பாலத்தின் கீழே கவிழ்ந்த பஸ்ஸை இழுத்தபோது விழுந்தது. முப்பது பேர் இருந்த பஸ். "கடவுளே, இதுல என்ன குறை?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு, தான் கேட்டது என்ன என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். திருடு போகவில்லையே என்று வருத்தப்படுகிற மனுஷனைக் கடவுள் இப்போதுதான் முதல்முதலாகப் பார்த்திருப்பார்.

மறுநாள் காலை, இவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சகலை வாசலில் நின்றார்.

"அண்ணே, பத்து மணிக்கு மில்லுக்கு ஜெனரேட்டர் இழுத்துக் கொண்டுபோகணும். புதுக் கொக்கி வர நாலு நாள் ஆகுமாம். இன்னிக்குப் போகலைன்னா மில் வேலை மொத்தமும் வேற ஆளுக்குப் போயிரும்."

இவர் வாயில் நுரையோடு நின்றார். நிதானமாக வாய் கொப்பளித்தார். முகம் துடைத்தார். துண்டை உதறிக் கொடியில் போட்டார். சகலை அசையாமல் நின்றார்.

"திருடனே வேணாம்னு விட்டுட்டுப் போனது தம்பி. உங்க புது லாரிக்கு எதுக்கு?"

சகலை தலை குனிந்தார். நேற்றுச் சிரித்தது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "திருடனுக்கு என்னண்ணே தெரியும். எடைக்குப் போடறவன். எனக்குப் பின்னால எட்டு டன் வரும். பாலத்து ஏத்தத்துல அது கழண்டுச்சுன்னா எத்தனை பேர் மேல போகும்? உங்க கொக்கின்னா நான் பக்கக் கண்ணாடியக்கூடப் பாக்க மாட்டேன்."

உள்ளே மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து கொக்கியை எடுத்தார். "பின் எங்க?" என்பதற்குள் மனைவி பருப்பு டப்பாவோடு வந்து நின்றாள். அலமாரியிலிருந்து இன்னொரு பூட்டையும் எடுத்துக்கொண்டார்.

ஷெட்டில் சகலையின் லாரிக்குப் பின்னால் மண்டியிட்டு அவரே மாட்டினார். சகலை கை நீட்டியபோது, "விடுங்க, இது என் கைக்குத்தான் பழக்கம்" என்றார். பின்னைச் செருகினார். பூட்டை அழுத்தினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு ஊக்கு குத்தினார்.

"சாவி, அண்ணே?"

"கழட்டணும்னா என்னைக் கூப்பிடுங்க. வர்றேன்."

டயர் கடைக்காரர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சகலை ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். "ஒரு நிமிஷம் தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பூட்டு அண்ணன் மறுபடி குனிந்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பிறகு சட்டை நுனியால் பூட்டைத் துடைத்து, அதன் முகத்தைச் சாலைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.